911 சான்று: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

அமெரிக்காவில் 911 என்ற அவசர உதவி எண்ணுக்கு வரும் அழைப்பை, அதை எடுத்துப் பேசும் மையங்களுக்கு நேரடியாகக் கொண்டுசேர்க்கும் நிறுவனங்கள் ஆண்டுதோறும் எஃப்சிசி என்ற தொலைத்தொடர்பு ஆணையத்திடம் நம்பகத்தன்மைச் சான்று தாக்கல் செய்ய வேண்டும். அந்தத் தணிக்கை வேலையில் சில வருஷம் உழன்றவன் என்பதால், வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சார், இந்த விதி எதனால் வந்தது?

2012 ஜூன் 29 ராத்திரி அடித்த டெரேச்சோ என்ற, நேர்கோட்டில் வேகமாகப் பரவும் சூறைக்காற்றுப் புயலால். 6 மாநிலங்களில் 77 அவசர அழைப்பு மையங்கள் அடிபட்டன. அதில் 17 மையங்களில் சேவை முழுக்க நின்றுபோனது. கரண்ட் போனது புயலின் வேலைதான். ஆனால் வர்ஜீனியாவின் ஆர்லிங்டன் எக்ஸ்சேஞ்சில் இருந்த இரண்டு ஜெனரேட்டரில் ஒன்று ஸ்டார்ட் ஆகவில்லை, மற்றதால் முழு லோடையும் இழுக்க முடியவில்லை. இதற்குப் புயலைக் குறை சொல்லி என்ன பயன்? 2013 டிசம்பரில் விதி வந்தது.

நாங்கள் சின்ன போன் கம்பெனி அண்ணா. எங்களுக்கும் உண்டா?

அளவு முக்கியமில்லை. அழைப்பு மையத்துக்கு நேரடியாக ரூட்டிங், அழைத்தவரின் எண், இடம் போன்றவற்றைக் கொடுக்கிறீர்களா? அல்லது மையத்துக்கு நேரடியாக லைன் கொடுக்கும் எக்ஸ்சேஞ்சை நடத்துகிறீர்களா? இரண்டில் ஒன்று இருந்தாலும் மாட்டினீர்கள். அழைப்பை வாங்கி இன்னொரு கம்பெனியிடம் ஒப்படைப்பதோடு உங்கள் வேலை முடிகிறதென்றால் இந்தச் சான்று உங்களுக்கில்லை.

எதற்கெல்லாம் சான்று தர வேண்டும்?

மையத்துக்குப் போகும் சர்க்யூட்டுகள் தனித்தனிப் பாதையில் போகின்றனவா என்பது, பேக்கப் பவர், நெட்வொர்க் கண்காணிப்பு என மூன்று. பவர் கணக்கு நேரானது: மையத்துக்கு நேரடியாக லைன் கொடுக்கும் எக்ஸ்சேஞ்சுக்கு 24 மணி நேரம், செலக்டிவ் ரூட்டர் (அழைப்பை எந்த மையத்துக்கு அனுப்புவது என்று பிரித்து விடும் கருவி) இருக்கும் எக்ஸ்சேஞ்சுக்கு 72 மணி நேரம், அதுவும் முழு லோடில். ஒன்றுக்கு மேல் ஜெனரேட்டர் இருந்தால், ஒன்று படுத்தாலும் இன்னொன்று அதை நம்பாமல் தனித்து ஓட வேண்டும். ஆர்லிங்டன் கதை ஞாபகம் வருகிறதா? கண்காணிப்பிலும் இதே பயம்தான்: அலாரம் தகவல் எல்லாம் ஒரே இடம் வழியாக வந்தால், அந்த இடம் விழும்போது கண்ணும் சேர்ந்து போய்விடும்.

ஆளைக் கொல்வது சர்க்யூட் தணிக்கை. ஒருமுறை ஒரு மையத்துக்கு இரண்டு சர்க்யூட், இரண்டு தனிப் பாதை என்று வரைபடம் சொன்னது. கட்டிடத்துக்கு வெளியே மேன்ஹோலைத் திறந்து பார்த்தால், இரண்டு கேபிளும் ஒரே குழாயில் உரசிக்கொண்டு கிடந்தன. ஒரு ஜேசிபி போதும், இரண்டும் காலி. தணிக்கை முடிந்ததும் சர்க்யூட்டுக்கு டேக் போடச் சொல்வதும் இதற்காகத்தான். இல்லாவிட்டால் யாராவது வசதிக்காகப் பாதையை மாற்றிவிடுவார்கள், பிரித்து வைத்தது மறுபடி ஒன்று சேர்ந்துவிடும்.

பிரிக்கவே முடியாத இடம் என்றால்?

கிராமப்புறத்தில் ஒரே ரோடு, ஒரே கம்ப வரிசை, வேறு வழியே கிடையாது. அப்போது மாற்று ஏற்பாடு என்ன என்பதையும் அது ஏன் போதும் என்பதையும் எழுதிக் கொடுக்கலாம். என்னைக் கேட்டால் மழுப்பலான ‘ஆம்’ஐ விட இது எவ்வளவோ மேல்.

கையெழுத்து என் மேனேஜர் போட்டால் போதுமா அக்கா சொன்ன மாதிரி?

எந்த அக்கா சொன்னார்களோ தெரியாது, போதாது! நெட்வொர்க் செயல்பாட்டின் மீது மேற்பார்வையும் பட்ஜெட் அதிகாரமும் உள்ள கம்பெனி அதிகாரிதான் போட வேண்டும். பணம் ஒதுக்கக்கூடியவர் பெயர் தாளில் இருந்தால்தான் ஜெனரேட்டருக்குப் பணம் வருகிறது. ஆவணங்களை 2 வருஷம் வைத்திருங்கள்.

சான்று இருந்தால் 911 நிற்கவே நிற்காதா?

2014 ஏப்ரலில் கொலராடோவின் எங்கில்வுட்டில் இருந்த ஒரு சிஸ்டத்தில், அழைப்புகளுக்கு எண் கொடுக்கும் கவுன்ட்டர் தன் உச்ச வரம்பைத் தொட்டது. அதற்கு மேல் எண் கொடுக்க முடியாமல் 7 மாநிலங்களில் 6,600க்கு மேற்பட்ட அழைப்புகள் மையங்களைச் சேரவே இல்லை. எந்தக் கேபிளும் அறுபடவில்லை, கரண்டும் போகவில்லை. மேன்ஹோலுக்குள் குனிந்து பார்க்கும் தணிக்கைக்கு இந்த மாதிரிக் கோளாறு சிக்காது.

கடைசித் தேதி?

அக்டோபர் 15. தீபாவளித் துணி எடுப்பதை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.