தெருவுக்குள் 30 கிலோமீட்டர் வேகம் என்றால் மெயின் ரோடு வரை வண்டி தேங்குமா?

கேள்வி: நான் மடிப்பாக்கத்தில் ஒரு குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர். எங்கள் தெரு 600 மீட்டர் நீளம். மெட்ரோ வேலை ஆரம்பித்ததிலிருந்து மெயின் ரோட்டில் போக வேண்டிய வண்டிகளெல்லாம் எங்கள் தெருவுக்குள் புகுந்து போகின்றன. தெருவில் ஒரு ஆரம்பப் பள்ளி இருக்கிறது. 30 கிலோமீட்டர் வேக வரம்பு போட வேண்டும் என்று சங்கத்தில் பேசினோம். கடைக்காரர்களும் சில உறுப்பினர்களும், ‘வேகத்தைக் குறைத்தால் ரோடு தாங்கும் வண்டிகளின் எண்ணிக்கை குறையும், மெயின் ரோடு வரை ஜாம் ஆகும்’ என்று எதிர்க்கிறார்கள். இதற்கிடையில் ஒருவர் வந்து, ஆறு போர்டு, நான்கு ஸ்பீட் பிரேக்கர், போலீஸ் அனுமதி எல்லாம் சேர்த்து 1,80,000 ரூபாய்க்கு முடித்துத் தருகிறேன் என்கிறார். 120 வீடுகளிடம் தலா 1,500 ரூபாய் வசூலிக்கலாமா?

பதில்: முதலில் வசூலை நிறுத்துங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். ஜாம் பற்றிய பயத்தை முதலில் பார்த்துவிடுவோம். அதைத் தீர்க்காமல் உங்கள் சங்கத்தில் எந்தத் தீர்மானமும் நிற்காது.

‘மெதுவாகப் போனால் குறைவான வண்டிகள்தான் போகும்’ என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் வேகமாகப் போகிறவன் முன்னால் போகும் வண்டிக்கும் தனக்கும் நடுவில் அதிக இடம் விட்டுத்தான் ஆக வேண்டும். சாலைப் பொறியியலில் சாதாரணமாகச் சொல்வது 2 நொடி இடைவெளி. முன்னால் போகும் கார் ஒரு லைட் கம்பத்தைத் தாண்டி 2 நொடி கழித்து நீங்கள் அந்தக் கம்பத்தைத் தொட வேண்டும். வேகம் கூடக் கூட அந்த 2 நொடிக்குள் அடங்கும் தூரமும் நீள்கிறது. 5 மீட்டர் நீளக் கார்கள் 50 கிலோமீட்டரில் இப்படி வரிசையாகப் போனால் ஒரு மணி நேரத்தில் சுமார் 1,525 கார்கள் கடக்கும். 30 கிலோமீட்டரில் போனால் சுமார் 1,385. வேகத்தை 40 சதவீதம் குறைத்தும் எண்ணிக்கை குறைவது 10 சதவீதத்துக்கும் கீழேதான். நம் ஊரில் பைக்குகள் இடுக்கில் புகுந்து போவதால் கணக்கு அச்சு அசலாக இப்படியே வராது, ஆனாலும் போக்கு இதுதான்.

அந்த 10 சதவீதமும் உங்கள் தெருவுக்குப் பொருந்தாது. தெரு முடியும் இடத்தில் மெயின் ரோடு சிக்னல் ஒன்று இருக்குமே, அதை யோசியுங்கள். ஒரு சுற்று 120 நொடி, அதில் உங்கள் பக்கத்துக்குப் பச்சை 30 நொடி என்று வைத்துக்கொள்வோம். பச்சை விழுந்த பிறகு ஒரு வரிசையில் 2 நொடிக்கு ஒரு கார் வீதம்தான் வெளியேறும். அப்படியானால் ஒரு பச்சைக்கு 15 கார், ஒரு மணி நேரத்துக்கு 450. தெரு 1,385 கார்களை அனுப்பத் தயாராக இருந்தாலும் வெளியே விடுவது 450 பேரைத்தான். குடத்தின் வாய் எவ்வளவு அகலமாக இருந்தால் என்ன, தண்ணீர் புனலின் அடிவாய் அளவுக்குத்தானே இறங்கும்? ஐம்பதில் பறந்து வருகிறவர் வரிசையின் கடைசியில் கொஞ்சம் முன்னதாக வந்து நிற்பார், அவ்வளவுதான். 600 மீட்டரை 50 கிலோமீட்டரில் கடக்க 43 நொடி, 30 கிலோமீட்டரில் 72 நொடி. வித்தியாசம் 29 நொடி. அதை அவர் சிவப்பு விளக்கில் எப்படியும் நின்று கழிக்கத்தான் போகிறார்.

அப்புறம், வேகம் சீராக இருந்தால் ஓட்டமும் சீராக இருக்கும். ஜப்பானில் ஆராய்ச்சியாளர்கள் 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப்பாதையில் 22 கார்களை விட்டு, எல்லோரும் சுமார் 30 கிலோமீட்டரில் ஓட்டுங்கள் என்றார்கள். சிக்னல் இல்லை, குழி இல்லை, மாடு குறுக்கே வரவில்லை. கொஞ்ச நேரத்தில் தானாகவே ஜாம் உருவானது. அந்த ஆய்வு 2008இல் வெளியானது. ஒருவர் லேசாக பிரேக் பிடிக்க, பின்னால் வருகிறவர் இன்னும் கொஞ்சம் அழுத்த, அடுத்தவர் நின்றே விடுகிறார். ஆக, நெருக்கமாக வண்டி ஓடும் சாலையில் ஜாமை உண்டாக்குவது இந்த ஏற்ற இறக்கம்தான். லண்டனைச் சுற்றியுள்ள எம்25 மோட்டார்வேயில் 1995 முதல், வண்டி சேரும் நேரங்களில் மின்பலகையில் வேக வரம்பைக் குறைத்துக் காட்டுகிறார்கள். ஓட்டம் குலையாமல் இருக்கத்தான் அது.

சரி, ஜாம் பேச்சு போதும். உங்கள் உண்மையான கவலை அந்தப் பள்ளி வாசல்தானே. அதை உறுப்பினர்களுக்குக் கண்ணாலேயே காட்டலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பள்ளி வாசல் பக்கம் நடைபாதையோரமாக சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். அங்கிருந்து 13 மீட்டரில் இரண்டாவது கோடு, 28 மீட்டரில் மூன்றாவது கோடு. முதல் கோட்டில் கார் வரும்போது குறுக்கே ஒரு குழந்தை ஓடி வருவதை ஓட்டுநர் பார்க்கிறார் என்று கொள்வோம். மூளைக்கு உறைத்துக் கால் பிரேக்குக்குப் போக 1 நொடி ஆகும். காய்ந்த ரோடு, நல்ல டயர் என்றால் 30 கிலோமீட்டரில் வந்தவர் இரண்டாவது கோட்டிலேயே நின்றுவிடுவார். 50 கிலோமீட்டரில் வந்தவருக்கு அந்த 1 நொடியிலேயே 13.9 மீட்டர் ஓடிப் போயிருக்கும். முதல் கார் முழுசாக நின்ற இடத்தில் இவர் இன்னும் பிரேக்கையே தொடவில்லை. இவர் நிற்பது மூன்றாவது கோட்டில்தான். குழந்தை அங்கே இருந்தால் 50 கிலோமீட்டர் வேகம் அப்படியே அதன் மேல் விழும். நான் இதை ஒரு தெருவில் செய்து காட்டியபோது, அதுவரை எதிர்த்துப் பேசிக்கொண்டிருந்த மளிகைக் கடைக்காரர் இரண்டாவது கோட்டுக்கும் மூன்றாவது கோட்டுக்கும் நடுவில் இரண்டு முறை நடந்து பார்த்தார். அதற்கு மேல் அவர் ஒன்றும் பேசவில்லை.

சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான ஆபத்து சுமார் 4 சதவீதம் கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105. இறந்தவர்களில் பத்தில் ஏழு பேரின் சாவுக்கு அரசு எழுதி வைத்திருக்கும் காரணம் அதிவேகம். எனக்கு இங்கேதான் கோபம் வரும். எஃப்.ஐ.ஆரில் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ என்று ஒரு வரி எழுதியதோடு எல்லோருக்கும் வேலை முடிந்துவிடுகிறது. அந்த இடத்தில் வரம்புப் பலகை இருந்ததா, இருந்தால் வேப்பமரக் கிளைக்குப் பின்னால் மறைந்திருந்ததா, தெருவிளக்கு எரிந்ததா என்று எழுத அந்த ஃபாரத்தில் யாருக்கும் பொறுமை இல்லை. ஓட்டுநரைக் குற்றம் சொன்னால் ரோடு போட்டவரைக் கேட்க வேண்டியதில்லையே.

இப்போது அந்த 1,80,000 ரூபாய் ஆளுக்கு வருவோம். அவர் உங்களுக்கு விற்க வருவது ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் பொருள். சென்னைப் பெருநகரக் காவல்துறை 2023 நவம்பரிலேயே வரம்பை அறிவித்துவிட்டது. கார்களுக்கு 60, பஸ், லாரி, பைக்குக்கு 50, ஆட்டோவுக்கு 40. குடியிருப்புப் பகுதிக்குள் எந்த வண்டியானாலும் 30. ஆகவே உங்கள் சங்கம் 30 வேண்டும் என்று போராட வேண்டியதே இல்லை. பலகை வையுங்கள், கண்காணியுங்கள் என்று கேட்டால் போதும். அறிவிப்பு வந்து இவ்வளவு காலமாகியும் உள்தெருக்களில் எத்தனை பலகைகளைப் பார்த்திருக்கிறீர்கள்? அந்த வெற்றிடத்தில்தான் இந்தப் புரோக்கர்கள் கடை போடுகிறார்கள்.

இவர்கள் செய்வது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். உங்கள் சங்கத்தின் பெயரில் ஒரு மனு எழுதி, காவல் நிலையத்தில் கொடுத்து, ‘பெறப்பட்டது’ என்று சீல் வாங்கிக்கொள்வார்கள். அந்த சீல் போட்ட நகலைக் கொண்டு வந்து ‘அனுமதி வாங்கியாச்சு’ என்பார்கள். பெற்றுக்கொண்டேன் என்பதற்கும் அனுமதித்தேன் என்பதற்கும் உள்ள வித்தியாசம் நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. காகிதத்தில் சீல் இருந்தாலே பயபக்தியாக வாங்கி ஃபைலில் வைத்துக்கொள்கிறோம். அந்தக் காகிதத்தில் உத்தரவு எண், தேதி, கையெழுத்திட்டவரின் பதவி, தெருவின் பெயர் இந்த நான்கும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று இல்லை என்றாலும் அது வெறும் மனுதான். அடுத்தது போர்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 112, 116 பிரிவுகளின்படி வரம்பு நிர்ணயிப்பதும் அதற்கான பலகை வைப்பதும் அரசும் அது அதிகாரம் கொடுத்த அலுவலர்களும் செய்ய வேண்டிய வேலை. நீங்கள் காசு கொடுத்து நட்ட பலகையைக் காட்டி ஒருவருக்கும் அபராதம் போட முடியாது. நாளைக்கு யாராவது கேஸ் போட்டால் பதில் சொல்லப் போவது சங்கம்தான். போர்டு நட்டவரின் செல்போன் அன்றைக்கு ஸ்விட்ச் ஆஃபில் இருக்கும்.

ஒரு விலக்கு உண்டு. அதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் புரோக்கர்கள் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். வேக வரம்பை மாற்ற அரசிதழில் அறிவிப்பு வர வேண்டும் என்பது பொது விதி. ஆனால் அந்தக் கட்டுப்பாடு ஒரு மாதத்துக்கு மேல் போகாது என்றால் அரசிதழ் அறிவிப்பு தேவையில்லை என்று 112ஆம் பிரிவே சொல்கிறது. உதாரணமாக, உங்கள் தெருவில் கழிவுநீர்க் குழாய்க்குத் தோண்டுகிறார்கள், மூன்று வாரத்துக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று அதிகாரி முடிவு செய்கிறார். அவர் பலகை வைத்தால் போதும், அது செல்லும். இங்கே மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். அரசிதழ்தான் தேவையில்லை, அதிகாரியின் உத்தரவு தேவை. பலகையும் தேவை. மாதம் முடிந்தால் கட்டுப்பாடும் முடிந்தது. தோண்டிய மண் அதே இடத்தில் ஆறு மாதம் கிடந்தாலும் அந்த 20 தொடராது. பக்கத்து ஏரியாவில் எப்போதோ கொடுத்த இப்படி ஒரு மாத உத்தரவின் ஜெராக்ஸைக் காட்டி, ‘இதே போல உங்களுக்கும் நிரந்தரமாக வாங்கித் தருகிறேன்’ என்று ஒருவர் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். தேதியைப் பார்த்தால் அது காலாவதியாகிப் பல மாதம் ஆகியிருந்தது.

ஸ்பீட் பிரேக்கர் இன்னும் மோசம். சாலைகளுக்கான அளவுகளையும் தரங்களையும் வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் வழக்கமான, மேல்பக்கம் வளைந்த வேகத்தடையின் அகலம் 3.7 மீட்டர், நடு உயரம் 10 சென்டிமீட்டர். கிட்டத்தட்ட ஒரு கார் நீளத்துக்கு மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் மேடு. சுமார் 25 கிலோமீட்டரில் குலுங்காமல் கடக்கலாம். கொட்டேஷனில் இருக்கும் ரப்பர் பட்டை ஒரு சாண், ஒன்றரைச் சாண் அகலம்தான் இருக்கும். அதில் கார் தடதடவென்று குதிக்கும். பின்சீட்டில் கர்ப்பிணி உட்கார்ந்திருக்கும் பைக்கைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நான் போன ஒரு தெருவில் ஆறு மாதத்தில் ரப்பர் துண்டுகள் பிய்ந்து போய், தார் ரோட்டில் இறுக்கிய போல்ட்டுகள் மட்டும் விரலளவு நீட்டிக்கொண்டு நின்றன. முன்னால் எச்சரிக்கைப் பலகை இல்லை, வெள்ளைக் கோடு இல்லை. மழைத் தண்ணீர் தேங்கினால் அந்த போல்ட் கண்ணுக்கே தெரியாது. போட்டவரைத் தேடினேன், அந்தக் கடை இருந்த இடத்தில் பரோட்டா ஸ்டால் இருந்தது.

செய்ய வேண்டியது இதுதான். உங்கள் தெரு மாநகராட்சியுடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று வார்டு உதவிப் பொறியாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இது தெரியாமல் அலைந்தால் ஆறு மாதம் ஒருவர் மேல் ஒருவர் கை காட்டிக்கொண்டே இருப்பார்கள். பிறகு நீங்களே வேகத்தை அளந்து எழுதுங்கள். 50 மீட்டர் இடைவெளியில் இரண்டு அடையாளம், கையில் செல்போன் ஸ்டாப்வாட்ச். ஒரு வண்டி அந்த 50 மீட்டரை 6 நொடியில் கடந்தால் 30 கிலோமீட்டர், 4.5 நொடி என்றால் 40, 3.6 நொடி என்றால் 50. பள்ளி விடும் நேரத்தில் மூன்று நாள், நாளுக்கு நூறு வண்டி எடுங்கள். நம்பரைக் குறிக்க வேண்டாம், நொடியை மட்டும் எழுதினால் போதும். அந்தத் தாளோடு மனுவை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைப் போக்குவரத்துக் காவல்துறை உதவி ஆணையருக்கும் இன்னொன்றை மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கும் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். பலகையும், பள்ளிக்கு முன் முறையான அளவில் ஒரு வேகத்தடையும், வெள்ளைக் கோடும் கேளுங்கள். இரண்டு மாதம் பதில் இல்லை என்றால், மனு மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள். 30 நாளில் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். உங்கள் மொத்தச் செலவு ஜெராக்ஸோடு சேர்த்து நூறு ரூபாயைத் தாண்டாது.

அவருக்கு ஏற்கெனவே அட்வான்ஸ் ஏதாவது கொடுத்திருந்தால், ரசீது கேட்டு ஒரு வாட்ஸ்அப் செய்தி இன்றைக்கே அனுப்பிவிடுங்கள். அவர் என்ன பதில் போடுகிறாரோ அதை அழிக்காமல் வைத்திருங்கள்.