பிடரியை மட்டும் ஒட்ட வெட்டாதீர்கள்

கேள்வி: எனக்கு 36 வயது. ஆறு மாதமாக வீட்டிலேயே மெஷின் வைத்து நானே முடி வெட்டிக்கொள்கிறேன். தலைக்குச் சீப்பு மாட்டி வெட்டுவேன். பின்கழுத்தில் மட்டும் சீப்பைக் கழற்றிவிட்டு ஒட்ட எடுத்து, கோடு சுத்தமாக வரவேண்டும் என்று கடைசியில் ரேசரும் போடுவேன். வெட்டிய மூன்றாம் நாள் பிடரியில் சிறு சிறு பருக்கள் கிளம்புகின்றன. அரிக்கும், சிலவற்றில் சீழ் வைக்கும், பிறகு அமுங்கிவிடும். இரண்டு மட்டும் கெட்டியாகி, இரண்டு மாதமாக அப்படியே நிற்கின்றன. அதே மெஷினால்தான் எட்டு வயது மகனுக்கும் வெட்டுகிறேன். மெஷின் போட்டால் முடி கொட்டிவிடும் என்று அம்மா வேறு சொல்கிறார். வீட்டில் வெட்டுவதையே நிறுத்திவிடவா?

பதில்: நிறுத்த வேண்டாம். பிடரியை ஒட்ட எடுப்பதை மட்டும் நிறுத்துங்கள். உங்கள் கடிதத்தில் தலையில் பரு வந்ததாக ஒரு வரிகூட இல்லை, கவனித்தீர்களா? ஒரே மெஷின், ஒரே ஆள். சீப்பு மாட்டி வெட்டிய இடம் நன்றாக இருக்கிறது. சீப்பைக் கழற்றி ரேசர் போட்ட இடம் மட்டும் புண்ணாகிறது.

முடியை ஒட்ட வெட்டும்போது அதன் நுனி சாய்வாக, கூராகிவிடுகிறது. ரேசர் போட்டால் அந்த நுனி தோலுக்குக் கீழேயே போய் நின்றுவிடவும் செய்யும். பிடரி முடி பலருக்கு வளைந்து வளரும். இரண்டு மூன்று நாளில் அது வளர ஆரம்பித்ததும் வெளியே வருவதற்குப் பதில் வளைந்து பக்கத்துத் தோலைக் குத்துகிறது. உடம்புக்கு அது முள் ஏறியதைப் போலத்தான்; சிவந்து வீங்குகிறது, அரிக்கிறது. நீங்கள் சொரிகிறீர்கள், சட்டைக் காலர் உரசுகிறது, வியர்வையும் சேர்கிறது. தோலின் மேல் சும்மா இருக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியா முடிக்காலுக்குள் புகுந்தால் சீழ் வைக்கிறது. மூன்றாம் நாள் என்று நீங்கள் எழுதிய கணக்கு இதற்குச் சரியாகப் பொருந்துகிறது.

அமுங்கிப் போகும் பருக்களைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. கெட்டியாகி நிற்கும் அந்த இரண்டைப் பற்றித்தான் கொஞ்சம் யோசிக்கிறேன். பிடரியில் மீண்டும் மீண்டும் இப்படி அழற்சி வந்தால் சிலருக்கு அந்த இடம் தழும்பாக மாறத் தொடங்கும். இதற்கு ஆக்னே கீலாய்டாலிஸ் நியூக்கே என்று ஒரு நீளமான பெயர் உண்டு. பெயரில் ஆக்னே இருந்தாலும் இது முகப்பரு வகை அல்ல. சுருட்டை முடி உள்ள ஆண்களுக்கு அதிகம் வருகிறது. ஆரம்பத்தில் மிளகு அளவில் கெட்டியான பருக்கள். கவனிக்காமல் விட்டால் அவை ஒன்றோடொன்று சேர்ந்து தடித்த தழும்பாகி, அங்கே முடி முளைப்பதே நின்றுவிடும். உங்களுக்கு இருப்பது அதுதானா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆனால் ஆரம்ப நிலையில் பிடித்தால் அடக்குவது சுலபம் என்பதால், தோல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

அதுவரை ஒரு மாதம் பிடரியில் மெஷினும் வேண்டாம், ரேசரும் வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியைத் தினமும் இரண்டு மூன்று முறை பத்து நிமிடம் வைத்து எடுங்கள். பருவைப் பிதுக்காதீர்கள். உள்ளே வளைந்து நிற்கும் முடி கண்ணில் பட்டால் அதன் நுனியை மட்டும் மெல்ல வெளியே தூக்கிவிடலாம். பிடுங்கினால் அடுத்து முளைக்கும் முடியும் அதே வேலையைச் செய்யும். மருந்துக்கடையில் தானாக வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு வேண்டவே வேண்டாம். அரிப்பு உடனே அடங்கும், கிருமி உள்ளே சுகமாக வளரும். தோல் மருத்துவரே கெட்டிப் பருவுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடக்கூடும். அது எங்கே, எவ்வளவு, எத்தனை நாள் என்று அளந்து செய்வது, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒரு ரத்தச் சர்க்கரைப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். சீழ்க்கட்டி திரும்பத் திரும்ப வருபவர் யாராக இருந்தாலும் நான் இதைக் கேட்பது வழக்கம்.

அப்புறம் பிடரியில் என்னதான் செய்வது? சீப்பை மாட்டியே வெட்டுங்கள். பெரும்பாலான மெஷின்களில் 1ஆம் எண் சீப்பு 3 மில்லிமீட்டர், 2ஆம் எண் 6 மில்லிமீட்டர் முடியை விட்டுவைக்கும். பிடரியில் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போகாதீர்கள். கத்தி வைத்துக் கிழித்தாற்போல நேர்கோடு வராதுதான், வராமலே போகட்டும். இந்தக் கோட்டு ஆசையைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும். முன்னே ஒரு கண்ணாடி, பின்னே ஒரு கண்ணாடி வைத்துக்கொண்டு நானும் ஒருமுறை வெட்டிப் பார்த்தேன். கை ஒரு பக்கம் போகச் சொன்னால் இன்னொரு பக்கம் போனது. கோணலைச் சரிசெய்யப் போய்ச் சரிசெய்யப் போய், கோடு காதின் பாதி உயரத்துக்கு ஏறிவிட்டது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நுணுக்க வேலை பார்ப்பதால்தான் அழுத்தம் கூடுகிறது, ஒரே இடத்தில் பத்து முறை ஓட்டுகிறோம். பிடரியை மட்டும் வீட்டில் வேறு யாரையாவது வெட்டச் சொல்வது உத்தமம்.

மெஷினைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. அறுவை சிகிச்சைக்கு முன்னால் அந்த இடத்தில் ரேசர் போட்டு மழிக்கக்கூடாது, முடியை எடுத்தே ஆகவேண்டும் என்றால் கிளிப்பரால்தான், அதாவது இந்த மாதிரி மெஷினால்தான், எடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. ரேசர் விடும் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் கிருமிக்கு வாசலாகிவிடும் என்பதுதான் காரணம்.

ஆனால் கிளிப்பரும் வெட்டும், பிளேடு சரியாகப் பொருந்தவில்லை என்றால். அதில் இரண்டு பிளேடுகள் உண்டு: ஒன்று நிலையாக நிற்கும், மற்றது அதன்மேல் இடவலமாக ஓடும். ஓடும் பிளேட்டின் பற்கள் நிலைப்பிளேட்டின் நுனிக்கு ஒரு மயிரிழை பின்தள்ளி இருக்க வேண்டும். மெஷின் கீழே விழுந்தாலோ, கழுவிவிட்டுத் திரும்ப மாட்டும்போது நகர்ந்தாலோ அது முன்னே வந்து தோலைக் கடிக்கும். வெட்டத் தொடங்கும் முன் முன்கையின் உட்புறத்தில் ஒருமுறை மெல்ல ஓட்டிப் பாருங்கள். சுருக்கென்று இருந்தால் அன்றைக்கு வெட்ட வேண்டாம். பிளேடு சூடாகிறதா என்றும் அவ்வப்போது விரலால் தொட்டுப் பாருங்கள். எண்ணெய் காய்ந்த பிளேடு சுடவும் செய்யும், முடியை வெட்டாமல் இழுக்கவும் செய்யும். தலை கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு வெட்டுவதே நல்லது.

தப்பித்தவறி வெட்டுப்பட்டால் ரத்தம் பயமுறுத்தும் அளவுக்கு வரும். தலைத்தோலில் ரத்தக்குழாய்கள் அதிகம். சுற்றியுள்ள கெட்டியான திசு அவற்றைச் சுருங்கவிடாமல் பிடித்துக்கொள்வதும் ஒரு காரணம். சுத்தமான துணியால் பத்து நிமிடம் அழுத்துங்கள், நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காமல். அப்போதும் நிற்கவில்லை என்றாலோ, வாய் பிளந்த காயம் என்றாலோ, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர் என்றாலோ மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டு 10 ஆண்டு ஆகிவிட்டதா என்பதையும் அங்கே சொல்லுங்கள்.

இப்போது பையன் விஷயம். ஒரே மெஷினை இருவருக்கும் போடலாம், நடுவில் சுத்தம் செய்தால். முதலில் பிரஷால் முடித்துணுக்குகளைத் தட்டி எடுங்கள். பிறகு 70 சதவீத ஆல்கஹாலால் பிளேடைத் துடைத்து முழுவதும் உலர விடுங்கள். மெஷின் அணைந்து பிளேடு ஆறியிருக்க வேண்டும், பக்கத்தில் நெருப்பும் இருக்கக்கூடாது. உலர்ந்ததும் இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள், ஆல்கஹால் பழைய எண்ணெயைத் துடைத்துக்கொண்டு போயிருக்கும். சீப்புகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவலாம். வெறும் சம்பிரதாயம் இல்லை இது. ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும், காய்ந்த ரத்தத்திலும்கூட. உங்கள் பிடரியில் சீழ்ப்பரு இருக்கும் நாட்களில் அந்த மெஷின் மகன் தலைக்குப் போகவே வேண்டாம்.

சிறுவர்களுக்கு இன்னொன்றும் பார்க்க வேண்டும், தலையில் வரும் படர்தாமரை. வட்டமாக முடி உதிர்ந்து, செதிலாகி, ஒடிந்த முடிகள் கரும்புள்ளிகளாகத் தெரியும். பின்கழுத்தில் நெறி கட்டியிருக்கலாம். பொடுகு என்று விட்டுவிடுவார்கள். இந்தப் பூஞ்சை சீப்பிலும் பிளேடிலும் நீண்ட நாள் ஒட்டிக்கொண்டிருக்கும். முடிக்குள்ளேயே புகுந்துவிடுவதால் களிம்பு மட்டும் போதாது, மருத்துவர் எழுதித்தரும் வாய்வழி மருந்தை வாரக்கணக்கில் எடுக்க வேண்டும். அப்படி ஏதாவது இருந்தால் குணமாகும்வரை அவனுக்குத் தனி மெஷின். செதிலே இல்லாமல் வழவழவென்று நாணயம் போல வழுக்கை தெரிந்தால் அது புழுவெட்டாக இருக்கலாம். வெட்டிய பிறகு கண்ணில் படுவதால் பழி மெஷின்மேல் விழும். அவனுக்கு வெட்டும்போது காது மடலை விரலால் மடக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அம்மாவிடம் சொல்லுங்கள், தோலுக்கு வெளியே இருக்கும் முடி உயிரற்றது. வேர் தோலுக்குள் சில மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது, அதற்கு மேலே நடப்பது எதுவும் தெரியாது. மெஷின் போட்டால் கொட்டாது. அடர்த்தியாக முளைக்கும் என்பதும் பொய். சவரத்தால் முடியின் பருமனோ வளரும் வேகமோ மாறுவதில்லை என்று மில்ட்ரெட் ட்ராட்டர் என்ற உடற்கூறியல் ஆய்வாளர் 1928லேயே அளந்து எழுதிவிட்டார். தினமும் 50 முதல் 100 முடி உதிர்வது எல்லாருக்கும் உள்ளதுதான். குட்டையாக வெட்டியதும் ஏற்கெனவே இருந்த மெலிவு வெளியே தெரிகிறது, அவ்வளவே.

தோல் மருத்துவரிடம் போகும்போது முடி வெட்டி இரண்டு வாரமாவது ஆகியிருக்கட்டும், வளர்ந்த முடியோடு பார்த்தால் அவருக்குத் தெளிவாகத் தெரியும். ஆனால் காய்ச்சல் வந்தாலோ, சிவப்பு பரவினாலோ, கழுத்தைத் திருப்ப முடியாமல் வலித்தாலோ இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே போங்கள்.