உங்கள் கருத்து எந்தப் படத்தைப் பற்றியது?

கேள்வி: சமீபத்தில் பார்த்த நான்கு படங்களைப் பற்றி நண்பர்களிடம் சாதாரணமாகச் சொன்ன கருத்துகள் இவை. முதல் படம்: ஸ்லோ. 1.5 வேகத்தில் வைத்துத்தான் பார்த்து முடித்தேன், அப்படியும் லேக். இரண்டாவது: ஹீரோயின் முகத்தில் எக்ஸ்பிரஷனே கிடையாது. போனை நோண்டிக்கொண்டேதான் பார்த்தேன், படம் அந்த லட்சணத்தில்தான் இருந்தது. மூன்றாவது: மேக்கிங் டிவி சீரியல் மாதிரி. அப்பா மகனோடு பேசவே மாட்டார், ஆனால் அவன் வீட்டை விட்டுக் கிளம்புகிற அன்று அவனுடைய பையின் அறுந்த பிடியை ராத்திரியே தைத்து வைத்திருப்பார், அவன் பையைத் தூக்கும்போதுதான் கவனிப்பான், அது மட்டும் ஓகே. நான்காவது: விமர்சனத் தளத்தில் 94 சதவீதம் போட்டிருந்தார்கள், எனக்கு ஒருமுறை பார்க்கலாம் ரகம். இதைக் கேட்டுவிட்டு ஒரு நண்பர், "முதலில் நீ ஒரு படம் எடுத்துக் காட்டு, அப்புறம் பேசு" என்கிறார். காசு கொடுத்துப் பார்க்கிறவனுக்குக் கருத்துச் சொல்ல உரிமை இல்லையா? வாய்ப்புக் கொடுத்தால் உங்கள் இதழிலேயே மாதாமாதம் எழுதவும் தயார்.

- பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

பதில்: உரிமை தாராளமாக இருக்கிறது. செருப்பு கடிக்கிறது என்று சொல்ல யாரும் செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு வர வேண்டியதில்லை. எடுத்தவர்கள் மட்டும்தான் பேசலாம் என்றால் டிக்கெட்டையும் அவர்களே வாங்கிக்கொள்ளட்டும். நண்பரை விடுங்கள்.

என் வழக்கு உங்கள் கருத்துகளோடுதான். கடிதத்தில் நீங்கள் எழுதியிருந்த படப் பெயர்களை நான்தான் எடுத்துவிட்டேன், பாவம் அவர்களை ஏன் இழுக்க வேண்டும் என்று; எடுத்தபிறகு மறுபடி படித்தால் எதுவுமே குறைந்த மாதிரி தெரியவில்லை. ஸ்லோ, லேக், எக்ஸ்பிரஷன் இல்லை, ஒருமுறை பார்க்கலாம். எந்த வெள்ளிக்கிழமை வந்த எந்தப் படத்தின் மேலும் இவற்றை ஒட்டலாம். தியேட்டரை விட்டு வெளியே வரும்போது பேச்சுவாக்கில் எல்லாரும் இப்படித்தான் சொல்கிறோம், அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் நீங்கள் அதை உட்கார்ந்து எழுதி, வரிசை போட்டு, பத்திரிகைக்கு அனுப்பி, மாதாமாதம் எழுதவும் தயார் என்கிறீர்கள். அப்படியானால் கொஞ்சம் குறுக்கு விசாரணைக்கும் தயாராகத்தான் இருக்க வேண்டும்.

முதல் படத்தை 1.5 வேகத்தில் பார்த்திருக்கிறீர்கள். அதாவது 150 நிமிடப் படத்தை 100 நிமிடத்தில். எடிட்டிங் அறையில் ஒரு ஷாட்டின் கடைசியில் நான்கு ஃப்ரேம், அதாவது நான்கு அசையாப் படங்கள், இருக்கட்டுமா போகட்டுமா என்று அரை நாள் சண்டை நடக்கும். சினிமா நொடிக்கு 24 ஃப்ரேம் என்பதால், நான்கு ஃப்ரேம் என்பது ஒரு நொடியில் ஆறில் ஒரு பங்கு. நீங்கள் ஒரே பட்டனில் மூன்றில் ஒரு பங்கு நேரத்தை வெட்டிவிட்டு, அதற்கப்புறமும் லேக் என்கிறீர்கள். கேட்கப்பட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஒருவன் ஆறு நொடி சும்மா இருக்கிறான் என்றால், அவன் பொய் சொல்லப் போகிறான் என்று நமக்குத் தெரிவதே அந்த ஆறு நொடியில்தான். அதை நான்காக்கினால் அவன் லேசாக யோசித்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். அப்புறம் அவன் சொன்ன பொய்யும் சாதாரண வசனமாகப் போய்விடும், காட்சியில் என்ன நடந்தது என்றே தெரியாது, தெரியாதபோது போரடிக்கத்தான் செய்யும். வேகத்தைக் கூட்டக் கூட்ட மெதுவான படம் இன்னும் மெதுவாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். நெட்ஃபிளிக்ஸ் 2019ல் இந்த வசதியைச் சோதிக்கிறது என்ற செய்தி வந்ததும் பிராட் பேர்ட், ஜட் அபடோவ் மாதிரி இயக்குநர்கள் கோபப்பட்டார்கள்; நிறுவனம் அடுத்த வருடமே அதை ஆண்ட்ராய்ட் போன்களில் கொண்டுவந்துவிட்டது. உங்கள் போன், உங்கள் வேகம், நான் தடுக்க முடியாது. ஆனால் அந்தப் படத்தைப் பற்றி நீங்கள் சொல்லக்கூடிய ஒரே நேர்மையான வாக்கியம், "நான் இதை முழுசாகப் பார்க்கவில்லை" என்பதுதான்.

ஸ்லோவான படமெல்லாம் ஒசத்தி என்று நான் சொல்லவில்லை, தயவுசெய்து அந்தக் கோஷ்டியில் என்னைச் சேர்த்துவிடாதீர்கள். விஷயம் எதுவும் இல்லாததால் ஜன்னலையும் மரத்தையும் காட்டிக்கொண்டிருக்கிற படங்கள் ஏராளம். எந்த இடத்தில் காத்திருக்க வைத்தது, காத்திருந்ததற்கு ஏதாவது கிடைத்ததா என்று சொன்னால்தான் அது எந்த ரக ஸ்லோ என்று கேட்கிறவருக்குப் புரியும். பெல்ஜிய இயக்குநர் ஷான்டால் அக்கர்மேன் 1975ல் எடுத்த 'ஜான் டீல்மன்' படத்தின் நீளம் 201 நிமிடம். ஒரு விதவையின் மூன்று நாள் வாழ்க்கை, பெரும்பாலும் வீட்டு வேலை. இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு குழைந்துபோய்விடும், அந்தப் பாத்திரத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு அலைவாள். முதல் நாள் முழுக்க அவள் கை தப்பாமல் வேலை செய்ததை, அத்தனை நேரமும் பார்த்து உட்கார்ந்தவருக்கு அந்தப் பாத்திரம் திகில் காட்சி. எல்லாக் காலத்துக்குமான சிறந்த படம் எது என்று பிரிட்டிஷ் சினிமா பத்திரிகையான 'சைட் அண்ட் சவுண்ட்' 1952லிருந்து பத்து வருடத்துக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் நடத்துகிற கருத்துக்கணிப்பில், 2022ல் 1,600க்கும் மேற்பட்டவர்கள் வாக்களித்து முதலிடத்துக்கு வந்த படம் இதுதான். உங்களுக்கும் பிடிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 1.5ல் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

சரி, இரண்டாவது படம். எக்ஸ்பிரஷன் இல்லை என்கிற வாக்கியத்துக்கு அடுத்த வாக்கியத்திலேயே போன் நோண்டியதை நீங்களே எழுதியிருப்பதால் என் வேலை சுலபமாகிவிட்டது. ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் சுமார் நூறு வருடம் முன்பு செய்த பரிசோதனை ஒன்று உண்டு. நடிகர் மொசுகினின் சலனமில்லாத ஒரே முகத்தை எடுத்து, ஒரு கிண்ணம் சூப்போடு ஒருமுறை, சவப்பெட்டியோடு ஒருமுறை என்று வேறு வேறு ஷாட்டுகளோடு ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் சூப்பை மறந்து யோசனையில் ஆழ்ந்ததை என்னமாய்க் காட்டுகிறார், துக்கத்தை என்னமாய்க் காட்டுகிறார் என்று நடிகரைப் புகழ்ந்ததாக அவருடைய சகா புடோவ்கின் எழுதி வைத்திருக்கிறார். முகம் பேசுவது பாதி, அதற்கு முந்தைய ஷாட் பேசுவது பாதி. அந்த முந்தைய ஷாட் ஓடும்போது நீங்கள் யாரோ ஒருவருக்கு ஸ்மைலி அனுப்பிக்கொண்டிருந்தால், நிமிரும்போது திரையில் ஒரு வெற்று முகம்தான் இருக்கும். அந்த நடிகை நிஜமாகவே சுமாராக நடித்திருக்கலாம். ஆனால் நீங்கள் அதற்குச் சாட்சி ஆக முடியாது.

மூன்றாவது, "மேக்கிங் டிவி சீரியல் மாதிரி". இதில் உங்கள் மேல் எனக்கு அனுதாபம்தான், ஏனென்றால் உங்கள் கண்ணில் கோளாறு இல்லை, அநேகமாக டிவியில்தான் கோளாறு. சினிமா நொடிக்கு 24 ஃப்ரேம். இப்போதைய டிவிகள் அந்த 24க்கு நடுவில், படத்தில் இல்லாத ஃப்ரேம்களைத் தாங்களாகவே உருவாக்கிச் செருகி, அசைவை வழவழவென்று ஆக்கிவிடுகின்றன. கிரிக்கெட்டுக்கு நன்றாக இருக்கும். சினிமாவுக்குப் போட்டால் கோடிகள் கொட்டி எடுத்த காட்சியும் மத்தியான சீரியல் போலாகிவிடும். கடையிலிருந்து வரும்போதே பெரும்பாலும் இது ஆன் செய்யப்பட்டுத்தான் வரும். சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ் (புதிய மாடல்களில் பிக்சர் கிளாரிட்டி), எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ என்று ஏதாவது ஒரு பெயரில் பிக்சர் செட்டிங்ஸ் உள்ளே ஒளிந்திருக்கும். 2018 டிசம்பரில் டாம் க்ரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் சேர்ந்து ஒரு வீடியோ போட்டு, தயவுசெய்து இதை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். விமானத்தில் தொங்குகிற மனிதர், ரிமோட்டைத் தேடச் சொல்லிக் கெஞ்ச வேண்டிய நிலை. இன்றைக்கே அணைத்துவிட்டு அந்தப் படத்தைப் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் சீரியல் மாதிரி இருந்தால் தாராளமாகத் திட்டுங்கள், நானும் கூடச் சேர்ந்துகொள்கிறேன்.

94 சதவீதத்துக்கு வருவோம். அது மார்க் இல்லை. ராட்டன் டொமேட்டோஸ் மாதிரி தளத்தில் அந்த எண், நூறு விமர்சகர்களில் எத்தனை பேர் மொத்தத்தில் நல்லபடியாக எழுதினார்கள் என்கிற கணக்கு மட்டுமே. எல்லாரும் "பரவாயில்லை, பார்க்கலாம்" என்று சொன்னால் 100 வந்துவிடும்; பாதிப் பேர் தலையில் வைத்துக் கொண்டாடி, பாதிப் பேர் எழுந்து போனால் 50தான். 1960ல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் இத்தாலிய இயக்குநர் அந்தோனியோனியின் 'லவென்ச்சுரா'வைப் பார்த்தவர்கள் கூச்சல் போட்டுக் கிண்டல் செய்தார்கள், உடனே இன்னொரு கூட்டம் படத்துக்கு ஆதரவாகக் கையெழுத்துப் போட்டு அறிக்கை விட்டது, கடைசியில் நடுவர் பரிசும் அதற்குக் கிடைத்தது. அன்றைக்குச் சதவீதம் போட்டிருந்தால் கௌரவமான தோல்வி என்று வந்திருக்கும். ஆக, 94க்கும் உங்கள் "ஒருமுறை பார்க்கலாம்" என்பதற்கும் சண்டையே இல்லை. அந்த விமர்சகர்களில் பாதிப் பேர் நீங்கள் சொன்னதையேதான் கொஞ்சம் நீட்டி எழுதியிருப்பார்கள்.

இனி அந்தப் பை. மொத்தக் கடிதத்திலும் நீங்கள் படம் பார்த்ததற்கான அடையாளம் அந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது. பேசாத அப்பா, அறுந்த பிடி, தூக்கும்போதுதான் கவனிக்கிற மகன். அதை வேறு எந்தப் படத்தின் மேலும் ஒட்ட முடியாது. நான்கு படங்களில் நான் பார்க்காதது அது ஒன்றுதான், பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியதும் அந்த வரியால்தான், நீங்கள் சொன்ன தீர்ப்பால் இல்லை. ஆனால் அதை எழுதிய கையோடு "அது மட்டும் ஓகே" என்று ஒதுக்கிவிட்டீர்கள். ஏன்? ரசித்ததைச் சொன்னால் ஏமாளி என்று நினைப்பார்கள், குறை சொன்னால்தான் விவரமானவன் என்று நினைப்பார்கள் என்கிற பயமா? அந்தப் பயம் எங்கள் பத்திரிகைக்கு எழுதுகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கும் உண்டு, அதனால் உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன்.

மாதாமாதம் எழுதுகிற விஷயம்: இப்போதைக்கு வேண்டாம். மற்ற மூன்று படங்களையும் அதனதன் வேகத்தில், போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, இன்னொரு தடவை பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் அந்தப் பைப் பிடி மாதிரி ஓர் இடம் எழுதி அனுப்புங்கள், பிடிக்காத இடமாக இருந்தாலும் சரி. மூன்றும் வந்துசேர்ந்த பிறகு பேசலாம்.