மேல்பல் இல்லாத மாடு: நீங்கள் ஏமாறவில்லை

சந்தையில் வாங்கிய கறவை மாட்டுக்கு மேலே ஒரு முன்பல்கூட இல்லை, கிழட்டு மாட்டைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து தரகரிடம் சண்டைக்குப் போய்விடாதீர்கள். எந்த மாட்டுக்கும் மேலே முன்பல் கிடையாது, ஆட்டுக்கும் அப்படித்தான். மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள், அந்த இடத்தில் ஈறு தடித்துக் கெட்டியாக இருக்கும். மாடு நாக்கால் புல்லை வளைத்து இழுத்து, கீழ்ப்பல்லுக்கும் அந்த ஈறுக்கும் நடுவே இடுக்கி, தலையை வெடுக்கென்று அசைத்து அறுக்கும். நம்மைப் போல மேலும் கீழும் பல் வைத்துக் கடிப்பதில்லை. நமக்கும் அதற்கும் மொத்தம் 32 பற்கள்தான், பங்கீடுதான் வேறு: மாட்டுக்கு 24 பற்கள் உள்ளே, அரைப்பதற்கென்றே இருக்கின்றன. அசைபோடும்போது தாடை பக்கவாட்டில் நகர்வது அதனால்தான்.

வயதில் சந்தேகம் என்றால் கீழ்வரிசையில் உள்ள எட்டு முன்பற்களைப் பாருங்கள். சிறிய பால்பற்கள் விழுந்து அகலமான பற்கள் நடுவிலிருந்து ஜோடி ஜோடியாக முளைக்கும். முதல் ஜோடி ஏறக்குறைய 2 வயதில் வரும்; எட்டும் முளைக்க 4, 5 வயதாகிவிடும். எட்டும் தேய்ந்து குட்டையாகி, இடையிடையே சந்து விழுந்திருந்தால் மட்டும் தரகரைக் கேளுங்கள்.

பாதி மென்ற வைக்கோலை உருண்டையாகத் துப்புகிறதா, சாணத்தில் நீளமான நார் அப்படியே வருகிறதா என்றும் கவனியுங்கள். இருந்தால் கடைவாயில் கோளாறு இருக்கலாம். நீங்களே கையை உள்ளே விட வேண்டாம், விரல் நசுங்கிவிடும். கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.