தும்பாட்டுக்கு ரயிலில்: ஒரே நாளில் வேண்டாம்

ஜூன் பள்ளி விடுமுறையில் அம்மா, இரு பிள்ளைகளோடு ஜொகூர் பாருவிலிருந்து கிளந்தானின் தும்பாட் வரை ஒரே நாளில் ரயிலிலேயே போக முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் சார். வழியில் கிம்மாஸில் வண்டி மாற வேண்டிவரலாம். அங்கிருந்து 500 கிலோமீட்டருக்கும் மேல், டீசல் வண்டி, ஒற்றைப் பாதை. எதிர்வண்டிக்காக ஓர் இடத்தில் காத்திருந்தால் தாமதம் வழியெல்லாம் தொடரும். கிம்மாஸில் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

வழியில் உள்ள கோலா லிப்பிஸில் ஓரிரவு தங்கி, மறுநாள் பகலில் கிளம்புங்கள். குவா மூசாங்கில் சுண்ணாம்புக் குன்று நிலையத்துக்குப் பின்னாலேயே செங்குத்தாக நிற்கும். இருட்டில் போனால் அதுவும் போச்சு. கோத்தா பாருவில் தங்குவதானால் வாக்காஃப் பாரு நிலையத்தில் இறங்குங்கள், அதுதான் பக்கம். கிளந்தானில் வார விடுமுறை வெள்ளி, சனி.

அம்மாவுக்கு இந்தியக் கடப்பிதழா? மலேசியாவுக்குள் வருமுன் இணையத்தில் நிரப்பும் மலேசிய மின்னிலக்க வருகை அட்டையை (MDAC) மறக்காதீர்கள். இலவசம்தான், காசு கேட்டால் அது வேறு தளம்.