போக்குவரத்துத் தரவின் தரம் சாலை மேலாண்மையை எவ்வாறு பாதிக்கிறது?

கட்டுப்பாட்டு மென்பொருள் சிறப்பாக இருந்தால் தரவில் உள்ள சிறு பிழைகள் பொருட்டாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பொருட்டாகும்; ஆனால் எல்லாப் பிழைகளும் ஒரே அளவில் பாதிப்பதில்லை.

சாலையின் அடியில் பதிக்கப்படும் கம்பிச்சுருள் உணரி பழுதடைந்து, வாகனம் நிற்பதாகவே இடைவிடாமல் அறிவித்தால், வரத்துக்கேற்பப் பச்சை நேரத்தைக் கூட்டிக் குறைக்கும் சிக்னல், யாருமே வராத திசைக்கு உச்சவரம்பு வரை பச்சை விளக்கைக் கொடுத்துவிடும். குறுக்குச் சாலையில் வரிசை நீளும். இது கண்ணில் பட்டுவிடும் பழுது. பத்து வாகனங்களில் ஒன்றைத் தவறவிடும் உணரியே அதிகத் தொல்லை தருவது, ஏனெனில் அது தரும் எண்கள் நம்பும்படியாகவே இருக்கும்.

எண்ணிக்கை சரியாக இருந்தாலும் போதாது. குறைவான வாகனங்களே கடந்தன என்றால் சாலை காலியாக இருந்திருக்கலாம், நெரிசலில் வாகனங்கள் ஊர்ந்திருக்கவும் கூடும். வேகம் தெரியாமல் இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது. அந்த வேகத்தைச் சராசரியாக்குவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரே கிலோமீட்டரை ஒரு வாகனம் மணிக்கு 60 கி.மீ. வேகத்திலும் மற்றொன்று 20 கி.மீ. வேகத்திலும் கடந்தால், எளிய சராசரி 40. ஆனால் அவை முறையே 1 நிமிடமும் 3 நிமிடமும் எடுத்துக்கொள்வதால், பயண நேரப்படி சராசரி வேகம் 30 தான். முன்னதை நம்பிப் பயண நேரத்தை அறிவிக்கும் பலகை, நெரிசலைக் குறைத்தே காட்டும்.

கைபேசிகளின் இருப்பிடத் தரவு பரந்த பரப்பை எட்டுகிறது. ஆயினும் வாகனங்கள் குறைந்த வேளையில் தரவில் விழும் இடைவெளியைப் பழைய சராசரிகளால் நிரப்பினால், அப்போது நிகழும் விபத்து திரையில் தெரியாமலே போகலாம்.