தடவினால் வீக்கம் வடியுமா?

வணக்கம்.

என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய்க்காக அறுவை சிகிச்சை நடந்தது. அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்துவிட்டார்கள். இப்போது அந்தப் பக்கத்துக் கை வீங்கி, மோதிரம் கழலவில்லை. நிணநீர் வடிப்பு மசாஜுக்கு அனுப்பினார்கள். பிசியோதெரபிஸ்ட் கழுத்தையும் மறுபக்கத்து அக்குளையும் மெல்லத் தடவிவிட்டு, வீங்கிய கைக்குக் கடைசியில்தான் வருகிறார். “இதுக்கா காசு?” என்று அக்கா சலித்துக்கொள்கிறார். நானே எண்ணெய் போட்டு நன்றாக அழுத்திப் பிடித்துவிடலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

வேண்டாம். அந்த பிசியோதெரபிஸ்ட் தொழில் தெரிந்தவர் என்றுதான் தோன்றுகிறது.

ரத்தத்தைத் தள்ள இதயம் இருக்கிறது. திசுக்களில் சேரும் திரவத்தைத் திரும்ப ரத்தத்துக்குக் கொண்டுசெல்லும் நிணநீருக்கு அப்படி ஒன்று கிடையாது. குழாய்கள் தாமே சுருங்குவதும், தசை அசைவதும், மூச்சு விடுவதும்தான் அதை நகர்த்துகின்றன. திரவத்தை முதலில் உறிஞ்சும் நுண்குழாய்கள் தோலுக்குச் சற்றுக் கீழேயே இருக்கின்றன. தோலை லேசாக இழுத்து விட்டாலே அவை திறந்துகொள்ளும். தசை வரை போகிற மாதிரி அமுக்கினால் நசுங்கும். விரல் வழுக்காமல் தோலோடு சேர்ந்து நகர வேண்டும், அதனால் எண்ணெயும் தேவையில்லை.

கழுத்தில் ஏன் தொடங்குகிறார்? நிணநீர் கடைசியில் காறை எலும்புக்குப் பின்னால் உள்ள பெரிய சிரைகளில்தான் போய்க் கலக்கிறது. கடைமடை அடைத்துக் கிடக்கும்போது தலைமடையைத் திறந்து என்ன பயன்? அக்காவுக்கு ஒரு அக்குளில் வழி குறைந்துவிட்டதால், மறுபக்கத்துக்குத் திருப்பிவிடப் பார்க்கிறார். 1930களில் டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடரும் அவர் மனைவி எஸ்ட்ரிட்டும் வகுத்த முறை இது.

சரி, பலன் எவ்வளவு? கை லேசாகும், இறுக்கம் தளரும். ஆனால் மசாஜோடு நிறுத்தினால் வடிந்தது திரும்ப வந்து சேரும். பெரிய வேலையைச் செய்வது அழுத்தக் கட்டும், வீக்கம் குறைந்தபின் போடும் கம்ப்ரஷன் ஸ்லீவும் (கையை இறுக்கிப் பிடிக்கும் உறை)தான். பல ஆய்வுகளைத் தொகுத்த 2015 காக்ரேன் மதிப்பாய்வும், கட்டோடு சேர்த்து மசாஜ் செய்தால் கூடுதல் பலன் இருக்கலாம், அதுவும் வீக்கம் லேசாகவோ நடுத்தரமாகவோ இருப்பவர்களுக்கு, என்ற அளவில்தான் சொன்னது. உங்கள் கடிதத்தில் கட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. முதலில் அதைக் கேளுங்கள். (இதே மசாஜில் எடை குறையும், நச்சு வெளியேறும் என்று விளம்பரம் செய்பவர்களை விட்டுத் தள்ளுங்கள்.)

வீங்கிய இடத்தைக் கட்டைவிரலால் சிறிது நேரம் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்தால் இன்னும் திரவம்தான் அதிகம், நன்றாகவே குறைய வாய்ப்புண்டு. நாள்பட்டால் கொழுப்பும் நாரும் சேர்ந்து தோல் தடித்துப்போகும். அப்புறம் தடவி வடிக்க அங்கே அவ்வளவாக எதுவும் இருக்காது. அதனால் சலிப்பில் நிறுத்திவிட வேண்டாம்.

கை திடீரென்று சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அது தொற்றாக இருக்கலாம். மசாஜை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரிடம் போங்கள். ரத்தக்கட்டியோ கட்டுக்குள் வராத இதயக் கோளாறோ இருந்தாலும் மசாஜ் கூடாது.

வீட்டில் செய்ய ஆசை என்றால் அந்த பிசியோதெரபிஸ்டிடமே கற்றுக்கொள்ளுங்கள், சொல்லித் தருவார்கள். வாரம் ஒருமுறை மணிக்கட்டு, முழங்கைக்கு மேலும் கீழும் என ஒரே இடங்களில் இரண்டு கைகளையும் டேப்பால் அளந்து குறித்து வையுங்கள். பலன் இருக்கிறதா இல்லையா என்று அக்காவே பார்த்துக்கொள்ளட்டும்.